சாருக்கு சஸ்பென்ஷன்

 

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "சஸ்பென்ஷன் வேலை ஓடுகிறது, இரண்டு நாள் போன் எடுக்க மாட்டேன்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் கோவில்பட்டியிலிருந்து தங்கை மகன் பதறிப்போய் என் வீட்டம்மாவின் எண்ணுக்கு அழைத்துவிட்டான். "அத்தை, ரிட்டயர்டு ஆனவங்களையும் சஸ்பெண்ட் பண்ணுவாங்களா? மாமா பென்ஷன நிறுத்திருவாங்களா?" என்று கேட்டானாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வாத்தியார் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். 2003 ஜூலையில் ஒரே வீச்சில் எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிய நாட்களை இந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை.

இது காரின் சஸ்பென்ஷன். என் பழைய ஆல்ட்டோவுக்கு முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ் எல்லாவற்றையும் வீட்டிலேயே நானே மாற்றினேன். "இந்த வயசுல சாருக்கு எதுக்கு இந்த வேலை" என்று குழுவில் சிரித்தீர்கள். வேலை நல்லபடியாக முடிந்தது என்று படமும் போட்டேன். நடுவில் நடந்த ஒன்றை மட்டும் அதில் சொல்லவில்லை. மூன்று வாரமாக மனத்துக்குள் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் ஆலைகளில் வேலை பார்க்கிறீர்கள், மீதிப் பேர் பிள்ளைகளை வைத்திருக்கிறீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 2010-ல் ஜி.பி.எஃப். முன்பணம் போட்டு வாங்கியது. 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு வருடமாக இடது முன்சக்கரத்தில் "டொக்" என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. நான் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமாளித்துவந்தேன். ஆனால் வீட்டம்மாவுக்குப் போன ஆடியில் இடுப்பில் ஜவ்வு விலகி, வாரம் இரண்டு முறை சிவகாசிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. வேகத்தடை வருவதற்குப் பத்தடி முன்பே அவள் கை ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்துவிடும். கண்ணை மூடிக்கொள்வாள். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி வரை எங்கெங்கே பள்ளம், எங்கெங்கே மேடு என்று அவளுக்கு மனப்பாடம். இருட்டில் திரும்பி வரும்போதுகூட அந்தக் கை சரியான இடத்தில் மேலே போகும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். 16,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எது எது போயிருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் போச்சு சார்" என்றார்கள். "எல்லாம்" என்பது ஒரு விடையா? பரீட்சையில் அப்படி எழுதினால் நான் மதிப்பெண் போட்டிருக்கிறேனா? என்னவென்று நாமே பார்ப்போம் என்ற வீம்பு அங்கேதான் தொடங்கியது.

கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழக்க தோஷம்.

நம் தாத்தாக்கள் வில்வண்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். பாரம் ஏற்றும் கட்டை வண்டியில் அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. கல்லில் ஏறினால் அந்த அடி நேராக முதுகெலும்புக்கு வரும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அடியை அந்த வில் வாங்கிக்கொள்ளும். பெண்பிள்ளைகளை, கர்ப்பிணிகளை, மாப்பிள்ளையை அதில்தான் கூட்டிப்போவார்கள். லாரியில் இன்றும் அதே பட்டைதான். காரில் அது சுருள் ஸ்பிரிங் ஆகிவிட்டது.

ஆனால் வில் மட்டும் போதாது. பள்ளி புங்க மரக்கிளையில் நூலில் கல்லைக் கட்டி ஆட்டிவிட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஒரு தடவை அமுக்கினால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கிறது. ஆட்டம் வரும்போது அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் ஒரே தூணாகச் சேர்த்து, அதையே சக்கரத்தைத் தாங்கும் காலாகவும் ஆக்கியவர் ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கன்சல் என்ற காரில் வந்த அந்த ஏற்பாடுதான், 1983-ல் வந்த மாருதி 800-லும் 2000-ல் வந்த ஆல்ட்டோவிலும் முன்பக்கம் இருக்கிறது. அந்தத் தூணைத்தான் ஸ்ட்ரட் என்கிறார்கள். அதன் கீழ்ப்பகுதி அங்குமிங்கும் போகாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அந்தக் கையின் ஒரு முனையில் நம் தோள்மூட்டு மாதிரி ஒரு பந்துக் கிண்ண மூட்டு. அது பால் ஜாயின்ட். மறுமுனையில் ரப்பர் புஷ்.

நம் பகுதியில் இவை சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் உண்டு. கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற ஒரு களிமண் வகை இருக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவதும், மழை பெய்தால் அதுவே மூடிக்கொள்வதும் அதனால்தான். அதன் மேல் போட்ட தார்ச்சாலை வருடா வருடம் மேலேறிக் கீழிறங்கி, கடைசியில் அலை அலையாக ஆகிவிடும். பாரம் ஏற்றிய லாரிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெயில் ரப்பரைக் காய வைக்கும். நம் ஊரின் வறட்டு வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் நல்லது. புஷ்ஷுக்கு நல்லதல்ல.

எது போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரே தடவையில் நின்றால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. என் வண்டி மூன்று தடவை தலையாட்டியது. ஸ்ட்ரட்டின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் கைக்கே தெரிந்தது. புஷ் ரப்பர் வெடித்துக் கிழிந்து, இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருந்தது. அந்த "டொக்" அங்கிருந்துதான். மதுரைக்குப் போய் ஒரு ஜோடி ஸ்ட்ரட், ஒரு ஜோடி லோயர் ஆர்ம், புஷ் செட் எல்லாம் வாங்கினேன். 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று.

யூடியூபில் இரவெல்லாம் வீடியோ பார்த்தேன். பார்த்தவற்றில் நன்றாக இருந்தது ஒரு மலையாளத்துக்காரர் செய்தது. நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன். ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே நோக்கம், துணைக்கருவிகள், படிகள் என்று கோடு போட்டுப் பாடக்குறிப்பு எழுதினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஸ்பெக்‌ஷன் என்னைக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் பாடக்குறிப்பில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை.

மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை. முந்தின இரவு நல்ல மழை. வீட்டுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். முழுக்கக் கரிசல் தரை. மேலே காய்ந்த மாதிரித்தான் இருந்தது. ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி மரத்தில் சாய்த்து வைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சிறுவன், நாலாம் வகுப்பு, என்னிடம் சாயங்காலம் வாசிக்க வருகிறவன், பள்ளி விடுமுறை ஆனதால் காலையிலேயே வந்துவிட்டான். அவன் அம்மா ஆலைக்குப் போயிருந்தார். நட்டுகளை ஒரு தட்டில் வாங்கி வைப்பது அவன் வேலை. "இது எதுக்கு சார், அது எதுக்கு சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கும் உற்சாகம். நெம்புகோல் பாடம் நடத்தினேன். முப்பத்தைந்து வருடம் ஸ்கேலும் அழிரப்பரும் வைத்து நெம்புகோல் நடத்தியவன், அன்றுதான் முதல் தடவையாக ஸ்பேனரில் மூன்றடி ஜி.ஐ. பைப்பைச் செருகி, துருப்பிடித்த நட்டு "கிரீச்" என்று அசைவதைக் கையில் உணர்ந்தேன்.

பால் ஜாயின்ட் மட்டும் கழலவில்லை. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தியாகிவிட்டது. தட்டினேன், துருநீக்கி அடித்தேன், அசையவில்லை. பைப்பை லோயர் ஆர்முக்கு மேலே கொடுத்து, ஏறி உட்காராத குறையாக அமுக்கினேன். ஒரு நட்டு தட்டிலிருந்து உருண்டு வண்டிக்கு அடியில் போயிற்று. பையன் குனிந்து கையை உள்ளே விட்டு எடுத்து, "இந்தாங்க சார்" என்று நீட்டினான். நான் அதை வாங்கவில்லை, இன்னொரு தடவை அமுக்கினேன்.

பலகை ஒரு பக்கமாகப் புதைந்தது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி இடதுபக்கமாக இறங்கி, பிரேக் டிஸ்க் மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி நின்றது.

அவன் கை இருந்த இடத்துக்கு நேராக.

நம் ஊரில் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம், எந்தத் திசையில் புகை எழுகிறது என்று. வீட்டம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து முதலில் மேலேதான் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "என்ன சத்தம்?" "ஒண்ணுமில்ல, பைப்பு விழுந்துச்சு" என்றேன். பையனுக்கு நான் பொய் சொல்கிறேன் என்று புரிந்தது. நட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, எனக்குக் கால் நடுங்கியதால் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் வந்து மண்ணில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "விஜயகரிசல்குளத்துல அரசாங்கம் 2022-லேர்ந்து தோண்டுது, நீங்க இங்க தோண்டுறீங்க, சங்கு வளையல் எதுவும் கிடைச்சுதா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் ஒரு பழைய மாணவர் வந்தார். பிள்ளைக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க. ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, வண்டி நின்ற கோலத்தைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். பலகையைக் காலால் புரட்டிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கேட்டார்: "யாரு சார் பக்கத்துல இருந்தா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜாக்கிய மட்டும் நம்பி யாராச்சும் வேலை பாப்பாங்களா சார்? அதுவும் ஈர மண்ணுல? கழட்டுன சக்கரத்தையாச்சும் அடியில படுக்கப் போட்டிருக்கலாம்ல? வண்டி இறங்கினாலும் அதுமேல நின்னிருக்கும்." குரல் உயரவில்லை. ஆனால் என் வகுப்பில் நான் திட்டியபோது பிள்ளைகள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவர் ஆலையைப் பற்றிச் சொன்னார். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு இருக்க வேண்டும். உள்ளே போகும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். "இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் சார். விரிப்ப எடுத்துட்டு வேலை பாத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. நூறு நாளும் ஒண்ணும் ஆகாது. அதனாலதான சார் எடுக்கிறாங்க. கூலிக்கு அவசரம், ஆர்டருக்கு அவசரம். உங்களுக்கு என்ன சார் அவசரம்?"

என்னிடம் பதில் இல்லை. எனக்கு இருந்தது அவசரம்கூட இல்லை. பையன் முன்னால் அந்த பால் ஜாயின்ட்டைக் கழற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் 5 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆசிரியர் தினம். பிள்ளைகள் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அன்றுதான் முதலிப்பட்டிச் சேதி வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப் போனவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். புகை எழுந்தால் ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள், ஆலைக்குப் போகும் அம்மா அப்பாவிடம் விதிமுறைகளைக் கேளுங்கள், "ஒரு நிமிஷம்தானே" என்று நினைக்காதீர்கள் என்றெல்லாம் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். வருடா வருடம் ஓய்வு பெறும்வரை அதே பேச்சைப் பேசினேன். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர்தான் இப்போது என் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் அதையே கேட்கிறார்.

இரவு ஒன்பது மணிக்குப் பையனின் அம்மாவிடம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பையன் சொல்லியிருக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அன்று வேலைக்குப் போய் வந்த களைப்பு, விரல்களில் இன்னும் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுமினுப்பு. நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் பையனை வைத்துக்கொண்டு இப்படிச் செய்துவிட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் பையனின் கையையே பார்த்தார். பிறகு, "விடுங்க சார், அதான் ஒண்ணும் ஆகலல்ல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். தினமும் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும், சாயங்காலம் திரும்பி வரும்போதும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தையாக அது எனக்குக் கேட்டது. அதை எனக்கும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. ஃபோர்மேன் தம்பி காலை ஏழு மணிக்கே லாரி ஷெட்டிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளோடு வந்துவிட்டார். பால் ஜாயின்ட் கழலாததும் ஒரு வகையில் நல்லதாயிற்று. சக்கரத்தை மறுபடி மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊர்ப் பொதுக் களத்துக்குக் கொண்டு போனோம். நல்ல சிமென்ட் தளம். பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுக்க எங்கள் வீட்டு அம்மிக்குழவியும் ஒரு கருங்கல்லும். (குழவியில் கிரீஸ் ஒட்டியதற்கு இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.) ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கி, தோளால் முட்டித் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினோம். கழற்றிய சக்கரம் வண்டிக்கு அடியில். பிள்ளைகள் களத்தின் வரப்பைத் தாண்டி வரக்கூடாது என்று சுண்ணாம்பில் கோடு போட்டோம்.

அந்த பால் ஜாயின்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு தூக்கம் வராமல் மலையாள வீடியோவை மறுபடி பார்த்தேன். முதல் தடவை எனக்குப் புரியாத ஒரு வாக்கியம் அப்போதுதான் புரிந்தது. பந்து மூட்டின் தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. பிடித்திருக்கும் போல்ட் அந்தப் பள்ளத்துக்குள் குறுக்கே ஓடுகிறது. அதனால் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க உருவி எடுக்க வேண்டும். உருவாதவரை யானை கட்டி இழுத்தாலும் வராது. ஞாயிறு காலை போல்ட்டை உருவினேன். இரண்டு தட்டு. கீழே வந்துவிட்டது. முந்தின நாள் ஒரு மணி நேரம் நான் வண்டியோடு மல்லுக்கட்டியது ஒரு வாக்கியம் புரியாததால். வாசித்துப் புரிந்துகொள்ளச் சொல்லி உங்கள் காதைத் திருகியவன் நான்.

ஸ்ட்ரட் இரண்டையும் கழற்றினோம். பிரேக் குழாய் இழுபடாமல் இருக்க, அதன் பிடியை முதலில் விடுவித்துவிட வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கை நான் கழற்றவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு நட்டு இருக்கும். அமுக்கி அடைத்துவைத்த ஸ்பிரிங்கை அந்த ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு ஒடுக்காமல் அதைக் கழற்றினால் முகத்துக்கு நேரே பாயும். கயிற்றால் கட்டிக் கழற்றுகிற வீடியோக்களும் இருக்கின்றன. பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவிடுங்கள். திங்கட்கிழமை இரண்டையும் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் சிவகாசிக்குக் கொண்டு போனேன். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "பெரியவரே, சரக்கா?" என்றார். நம் ஊரில் சரக்கு என்றால் பட்டாசு. திறந்து காட்டிய பிறகுதான் ஏற்றினார். அங்கே ஒரு கடையில் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி ஸ்பிரிங்கை ஒடுக்கி, புது ஸ்ட்ரட்டில் மாற்றிக் கொடுத்தார்கள். கூலி 400 ரூபாய்.

கடைசியாக ஒன்று. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழிந்துபோகும். பாரம் சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. நட்டுக்குக் குத்தும் பின்னையும் புதிதாகப் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடக்கூடாது. செவ்வாய்க்கிழமை வீல் அலைன்மென்ட். அது செய்யாவிட்டால் டயரை ஒரே பக்கமாகத் தின்றுவிடும்.

புதன்கிழமை பிசியோதெரபிக்குக் கிளம்பினோம். முதல் வேகத்தடைக்குப் பத்தடி முன்னால் அவள் கை மேலே போயிற்று. வண்டி ஏறி இறங்கியது. சத்தமில்லை. இரண்டாவதற்கும் கை போயிற்று. மூன்றாவதற்குப் பாதி வழியில் நின்றது. பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறதே, அதைக் கடந்த பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, அந்தப் பள்ளத்த மூடிட்டாங்களா?" என்று கேட்டாள். மூடவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

அன்று திரும்பி வரும்போதுதான் சனிக்கிழமை விழுந்தது பைப் இல்லை என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரை பிடியையும் பிடிக்கவில்லை, பேசவும் இல்லை.

பையன் மறுபடி வாசிக்க வருகிறான். வேப்பமரத்தடிப் பள்ளத்தை நான் இன்னும் மூடவில்லை. அடுத்த மழையில் கரிசல் தானாக மூடிக்கொள்ளும், அதற்குள் அவன் அதில் கோலிக்குண்டு விளையாட ஆரம்பித்துவிட்டான்.

பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் பாக்கி. வாங்கி வைத்துவிட்டேன். ஸ்டாண்டும் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கியாகிவிட்டது. உள்ளூரில் யாருக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், திருப்பிக் கொடுத்தால் போதும். களத்தில் இப்போது மக்காச்சோளம் காயப்போட்டிருக்கிறார்கள். அவர்கள் அள்ளிய பிறகுதான் வேலை.